எல்.கே.ஜி. வகுப்பில் ‘மீன்’ வாரம்: திங்கள் முதல் வெள்ளி வரை என்ன செய்யலாம்?

கெடிலக்கரை டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் இந்த ஜூனில்தான் சேர்ந்தேன். எல்.கே.ஜி. வகுப்பு, 26 பிள்ளைகள், ஓர் ஆயாம்மா உண்டு, ஆனால் பாதி நேரம் பக்கத்து வகுப்புக்கும் அவர்தான். எங்கள் பள்ளியில் வாரத்துக்கு ஒரு தலைப்பு. நவம்பர் 21 உலக மீன்வள தினம் வருகிறது, அதனால் அந்த வாரம் ‘மீன்’ என்று ஹெச்.எம். மேடம் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் பெற்றோரை அழைத்துச் சுவரில் ஒட்டியதைக் காட்ட வேண்டும், தினமும் வாட்ஸப் குரூப்பில் போட்டோவும் போட வேண்டும்.

இப்போதைக்கு நான் போட்டு வைத்திருக்கும் திட்டம்: திங்கள் மீன் படத்துக்கு ஆரஞ்சு கலர் அடிப்பது, செவ்வாய் ‘எஃப் ஃபார் ஃபிஷ்’ ஒரு பக்கம் எழுதுவது, புதன் பேப்பர் தட்டில் ஆக்டோபஸ், வியாழன் 1 முதல் 10 வரை மீன் எண்ணுவது, வெள்ளி மீன் முகமூடி போட்டு ரைம்ஸ். எல்லாம் நெட்டில் எடுத்த பிரிண்ட் அவுட். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் பாதிப் பேர் சிங்காரத்தோப்பு, சொத்திக்குப்பம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள், அவர்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று சந்தேகம் வந்துவிட்டது. எனக்குச் சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம், ஏரி மீனில் கெண்டை, விரால், கெளுத்தி தெரியும், கடல் மீன் என்றால் வஞ்சிரத்தோடு சரி. மீதிப் பிள்ளைகள் மஞ்சக்குப்பத்தில் இருந்து வேனில் வருகிறவர்கள், அதில் சிலர் சைவம். என்னவெல்லாம் மாற்றலாம், யாராவது சொல்லுங்களேன். செலவு அதிகம் ஆகக்கூடாது.

முத்தியால்பேட்டை மிஸ் எழுதியது:

புதுச்சேரியில் என் உத்தியோகம் முழுக்க இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் போயிற்று, அந்த உரிமையில் நேராகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் திட்டத்தில் ஐந்து நாளைக்கு ஐந்து வேலை இருக்கிறது, மீன்தான் இல்லை. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த மீனைக் கடலூர் துறைமுகத்தில் எந்தக் கூடையில் பார்க்க முடியும்? உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை சங்கரா எது, வவ்வால் எது, காரப்பொடி எது என்று தூரத்தில் இருந்தே சொல்லும். அதன் கையில் இந்தப் படத்தைக் கொடுத்தால், தனக்குத் தெரிந்ததையெல்லாம் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் அது உள்ளே வரும்.

ஐந்து வேலையை விடுங்கள், ஒரே மீனை ஐந்து நாளும் பாருங்கள். திங்கள் காலை நிஜ மீன் ஒன்று தாம்பாளத்தில் வர வேண்டும். சங்கரா நல்லது, செதில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், சிவப்பாகவும் இருக்கும், வஞ்சிரம் விலையும் இல்லை. ஐஸ் போட்டு மூடிக் கொண்டுவந்து, பார்த்து முடித்ததும் உடனே எடுத்துவிடுங்கள். முதுகுத் துடுப்பில் இருக்கும் முள் குத்தும், அதைக் கத்தரியால் நறுக்கிவிட்டுக் கொடுங்கள். உங்களுக்குப் பழக்கம் என்று கெளுத்தியை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள், அதன் முள் குத்தினால் கடுப்பு எளிதில் அடங்காது.

ஐந்தாறு பேராக உட்கார வைத்துக் கேள்வி மட்டும் கேளுங்கள். கண்ணை மூடுமா? காது எங்கே? மூச்சு எப்படி விடும்? பதிலை நீங்கள் சொல்லவே வேண்டாம். என் வகுப்பில் வைத்திக்குப்பத்துப் பையன் ஒருவன், யாரும் கேட்காமலே விரலை விட்டுச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மிஸ், இது ஐஸ் மீனு, இன்னைக்குப் புடிச்சது இல்ல” என்றான். மார்க்கெட்டில் அவன் அம்மா பார்க்கிற மாதிரியே. செவுள் நல்ல சிவப்பாக இருந்தால் புதுசு, வெளுத்துப் பழுப்பேறி இருந்தால் பழசு. அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அவன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் அவனைச் சுற்றிக்கொண்டு “எனக்கும் காட்டு, எனக்கும் காட்டு” என்று ஒரே கூச்சல். கவனிப்பது, ஒப்பிடுவது, காரணம் சொல்வது, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது, எல்லாமே அந்தக் கொஞ்ச நேரத்தில் நடந்துவிட்டது, ஒர்க்‌ஷீட் எதுவும் தேவைப்படவில்லை.

செவ்வாய் அதே மாதிரி இன்னொரு மீனில் கலர் தடவி அச்சு எடுக்கலாம். ஜப்பானில் மீனவர்கள் தாங்கள் பிடித்த மீனின் அளவைக் காட்ட 19ஆம் நூற்றாண்டிலேயே இப்படி மை தடவித் தாளில் ஒற்றி எடுத்தார்கள், கியோட்டாக்கு என்று பெயர். செதில், துடுப்பு, வால் எல்லாம் அப்படியே பதியும். வெள்ளிக்கிழமைச் சுவருக்கு இது ஒன்று போதும், 26 ஒரே மாதிரி ஆரஞ்சு மீனை விட 26 வேறு வேறு சங்கரா நன்றாகவே இருக்கும்.

புதனும் வியாழனும் காகிதக்கூழ் மீன். எங்கள் பக்கம் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அந்த அளவு வேலைப்பாடு நமக்கு வேண்டாம். பழைய பேப்பரைக் கிழித்துப் போடுவதே பிள்ளைகளுக்கு விரல் பயிற்சி, பென்சில் பிடிக்கப் போகிற விரல் அதுதானே. ராத்திரி ஊறவைத்து, காலையில் பிழிந்து, மைதாப் பசையில் பிசைந்து ஆளுக்கு ஓர் உருண்டை. ஒரு முக்கியமான விஷயம், போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம், யாராவது யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொண்டால் போதும். நவம்பர் ஈரத்தில் காய நாளாகும், அதனால் மெல்லிசாகத் தட்டச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை பற்றி ஒன்று. 1 முதல் 10 வரை எழுதுவதும் எண்ணத் தெரிவதும் வேறு வேறு. நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளையிடம் “ஏழு கிளிஞ்சல் எடுத்துக் கொடு” என்று கேட்டுப் பாருங்கள், கை நிறைய அள்ளிக் கொடுக்கும். வாரம் முழுக்கத் தினமும் இந்த ஒரு வேலை நடக்கட்டும், நாலு கிளிஞ்சல் கொடு, இன்னும் ஒன்று போட்டால் எத்தனை, அவ்வளவுதான்.

ஹெச்.எம். நோட்டில் எழுத்து எங்கே என்று கேட்பார், தெரியும். பிள்ளை தன் மீனை வரையட்டும், என்ன வரைந்தாய் என்று கேளுங்கள், அது சொல்வதைச் சொன்னபடியே படத்துக்குக் கீழே நீங்கள் எழுதுங்கள், “எங்கப்பா வலையில பெரிய பாறை மீனு மாட்டுச்சு” என்று சொன்னால் அப்படியே. தான் பேசியது எழுத்தாக மாறுகிறது என்று பிள்ளைக்குப் புரிவது ஒரு பக்கம் எஃப் எழுதுவதை விடப் பெரிய பாடம். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அடித்தள நிலைக்கான கலைத்திட்டச் சட்டகத்தைக் காட்டுங்கள். 3 முதல் 6 வயது வரை பாடப்புத்தகமே வேண்டாம் என்றுதான் அதில் இருக்கிறது, எளிய ஒர்க்‌ஷீட்டும் தேவைக்கு மட்டும்தான்.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

நான் பரங்கிப்பேட்டை பக்கம் அங்கன்வாடியில் இருக்கிறேன். மிஸ் சொன்னது எல்லாம் நல்ல யோசனைதான், ஆனால் 26 பிள்ளைக்கு ஓர் ஆள் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா. மீனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால் மிச்சம் இருபது பேர் என்ன செய்வார்கள்? சண்டை போடுவார்கள். அதனால் தங்கச்சி, மூலைக்கு ஒன்றாக நான்கு வேலை முதலிலேயே விரித்து வைத்துவிடுங்கள், நீங்கள் மீன் தட்டோடு ஒரே இடத்தில் உட்காருங்கள், பிள்ளைகள் மாறி மாறி வரட்டும். ஒரு மூலையில் தட்டில் மணல், அதில் விரலால் எழுத்து. மாண்டிசோரி பள்ளிக்கூடங்களில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைத் தடவ விடுவார்கள், நமக்குக் கடற்கரை மணல் போதும், சலித்து வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு மூலையில் கண் பெரிய சல்லடை ஒன்று, சின்ன சல்லடை ஒன்று, மணலும் கிளிஞ்சலும் கலந்து ஒரு வாளி. எதில் எது தங்குகிறது என்று அவர்களே சலித்துப் பார்த்துக்கொள்வார்கள். அதையே பிறகு வலையோடு சேர்த்துக் கேளுங்கள், நெத்திலி வலைக்குக் கண் ஏன் சின்னதாக இருக்கிறது என்று. குப்பத்துப் பிள்ளைகள் டக்கென்று சொல்லிவிடுவார்கள், மற்றவர்கள் சல்லடையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துச் சொல்வார்கள்.

எழுத்துக்கு வருவோம். ‘மீன்’ என்று எழுத வைக்க அவசரப்பட வேண்டாம், நெடிலும் மெய்யும் சேர்ந்து நாலு வயதுக்குக் கஷ்டம். காதில் ஓசை பிடிபட்டால் இந்த வாரத்துக்குப் போதும். ‘ம’வில் தொடங்குவது என்னென்ன? மத்தி, மடவை, மணல், மழை. ‘வ’வில்? வலை, வஞ்சிரம், வவ்வால், வாளி. மீன் பெயரிலேயே பாதி எழுத்து வந்துவிடும், பெயர் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் கேட்பது அவர்களுக்குத்தான் பெருமை. ட, ப, ம முடித்திருந்தால் ‘படம்’, ‘மடம்’ மணலில் எழுதலாம், ‘படகு’ யூ.கே.ஜி.க்குப் போனதும் எழுதிக்கொள்ளட்டும்.

எங்களுக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று அங்கன்வாடிப் பாடத்திட்டம் உண்டு, அதிலும் மாதத் தலைப்புகள்தான். நான் கண்டது, காலையில் ஆட்டம் ஒன்று முடிந்தால்தான் பிள்ளைகள் உட்காருவார்கள். ‘கொக்கு பற பற’ எல்லோருக்கும் தெரியும், அதையே ‘மத்தி நீந்து நீந்து, நண்டு நீந்து நீந்து, ஆடு நீந்து நீந்து’ என்று மாற்றிவிடுங்கள், ஆட்டுக்கு நீந்தியவர்கள் அவுட். ஆடு நீந்தும் என்று யாராவது வாதாடினால் விட்டுக்கொடுத்துவிடுங்கள், வெள்ளத்தில் நீந்தித்தான் போகும்.

வியாழக்கிழமை யாராவது ஒரு பிள்ளையின் தாத்தாவை வரச் சொல்லுங்கள். நவம்பரில் கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகு போகாது, வீட்டில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருப்பார், வலை பின்னும் ஊசியோடு வந்து ஒரு கிழிசலை முடிந்து காட்டச் சொல்லுங்கள். ஆழம் எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள், பாகம் கணக்கு சொல்வார், இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். பிள்ளைகள் எல்லோரும் கையை விரித்துத் தங்கள் பாகம் எவ்வளவு என்று கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பார்க்கட்டும். தாத்தாவின் ஒரு பாகத்துக்கு இவர்கள் எத்தனை பேர் தேவை? அளவு என்பதை இதை விட லேசாக எப்படிச் சொல்லிக் கொடுப்பது.

கடைசியாக ஒன்று, இதைக் கவனமாகப் படியுங்கள். தட்டைப் பார்த்ததும் ஒரு பிள்ளையாவது மூக்கைப் பொத்திக்கொண்டு “நாத்தம்” என்று சொல்லும். அதோடு விட்டுவிட்டால் அடுத்த நாள் அந்தச் சொல் மீனை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குப்பத்துப் பிள்ளை மேல் ஒட்டிக்கொள்ளும், இது பெரிய பள்ளிக்கூடங்களில் நடப்பதுதான். திட்டவும் வேண்டாம். “ஆமாம், மீனுக்கு மீன் வாசனை, பூண்டுக்குப் பூண்டு வாசனை, கண்ணைக் கட்டிக்கொண்டு வாசனை கண்டுபிடிக்கலாமா?” என்று உடனே எலுமிச்சை, காபித்தூள், பூண்டு, கருவாடு என்று சின்ன டப்பாக்களை எடுத்துவிடுங்கள். சைவ வீட்டுப் பிள்ளைக்குக் கருவாட்டு டப்பாவை நீட்ட வேண்டாம், அது தானாகக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

சில்வர் பீச் அப்பா எழுதியது:

பெற்றோர் தரப்பில் இருந்து ஒரு வார்த்தை. போன வருஷம் என் பெண் படித்த பள்ளியில் (பெயர் வேண்டாம்) இதே மாதிரி ஒரு வாரத்துக்குத் தெர்மாகோலில் மீன்தொட்டி மாடல் கேட்டார்கள். ராத்திரி உட்கார்ந்து வெட்டி ஒட்டியது நானும் என் மனைவியும், பிள்ளை நடு ஹாலில் தூங்கிவிட்டது. மறுநாள் ஸ்டார் யாருக்கு? பிள்ளைக்கு. அதனால் டீச்சர், வீட்டுக்கு எதையும் கொடுத்து அனுப்பாதீர்கள், சுவரில் கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளை செய்தது இருக்கட்டும்.

இரண்டாவது, நவம்பர் 21 என்றால் கார்த்திகை பிறந்திருக்கும். ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகள் எத்தனை என்று முதலில் விசாரியுங்கள். எங்கள் வீட்டில் மாலை போட்டால் பிள்ளைகளுக்கும் அந்த மாதம் மீன் கிடையாது. அந்த நேரத்தில் வகுப்பில் மீனைத் தொட்டுவிட்டு வந்தது என்று பிள்ளை வீட்டில் சொன்னால் உங்கள் ஹெச்.எம். போன் அடித்துக்கொண்டே இருக்கும். பேசாமல் ஒரு வாரம் முன்னால் தள்ளி வைத்துவிடலாம், மீன்வள தினத்தன்று சுவரை மட்டும் காட்டலாம்.

அப்புறம் சுலபமான ஒன்று. தேவனாம்பட்டினத்தில் இருந்து ஒரு கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து, ஒரு டம்ளரில் அதையும் இன்னொன்றில் குழாய்த் தண்ணீரையும் ஊற்றி முட்டை போட்டுக் காட்டுங்கள். கடல் தண்ணீரில் மிதக்கும், குழாய்த் தண்ணீரில் மூழ்கும். பிள்ளைகளுக்கு மேஜிக் மாதிரி இருக்கும்.

ஓய்வுபெற்ற அறிவியல் எழுதியது:

மேலே சார் சொன்னதை அப்படியே செய்தால் வகுப்பில் இரண்டு முட்டையும் மூழ்கும். கடல் தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புத்தான், புது முட்டையைத் தூக்க அது போதாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், அதுவும் மழைக்காலத்தில், கெடிலமும் பெண்ணையாறும் கொண்டுவந்து கொட்டும் தண்ணீரில் உப்பு இன்னும் குறைவு. லிட்டருக்கு 150 கிராம் வரை தூள் உப்பைக் கரைத்தால் நன்றாக மிதக்கும், கல் உப்பு கரைவதற்குள் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். முட்டையும் புதிதாக வாங்குங்கள், நாள்பட்ட முட்டை குழாய்த் தண்ணீரிலேயே மிதந்து உங்கள் மானத்தை வாங்கும்.

என்னைக் கேட்டால் மூன்று டம்ளர் வையுங்கள். குழாய்த் தண்ணீர், கடல் தண்ணீர், உப்புக் கரைசல். எதில் மிதக்கும் என்று முதலில் கை தூக்கச் சொல்லி, அப்புறம் போடுங்கள். கடல் தண்ணீரில் முட்டை மூழ்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏன் என்று விளக்க ஆரம்பிக்காதீர்கள், இந்த வயதில் அடர்த்தி தேவையில்லை, ‘நான் நினைத்தது வேறு, நடந்தது வேறு’ என்று சொல்லத் தெரிந்தால் அதுவே அறிவியல். ருசி பார்க்க விடாதீர்கள், நாலு பேராவது டம்ளரில் விரலை விடுவார்கள்.

கெடிலக்கரை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கார்த்திகை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை சார், விசாரித்தேன், நாலு வீட்டில் மாலை போடப் போகிறார்கள். ஹெச்.எம். மேடத்திடம் பேசி ஒரு வாரம் முன்னால் மாற்றிக்கொண்டேன். பதினான்காம் தேதி குழந்தைகள் தினமும் அந்த வாரத்திலேயே வருகிறது, பெற்றோரும் எப்படியும் வருவார்கள். நிஜ மீனுக்கும் சரி என்றார், ஆனால் வகுப்பறைக்குள் வேண்டாம், பின்னால் வேப்பமரத்தடியில் வைத்துக்கொள் என்றார். நோட்டு விஷயத்தில்தான் இறங்கி வரவில்லை, படத்துக்குக் கீழே நான் எழுதுவதோடு பிள்ளைகளும் ஏதாவது ஓர் எழுத்தாவது எழுத வேண்டுமாம். ‘ம’ போதும் என்று பேசி முடித்திருக்கிறேன்.

இன்னும் சில சந்தேகம். மிஸ், அச்சு எடுக்க எந்தக் கலர், எந்தத் தாள்? ஏ4 தாளில் தண்ணீர் ஊறிக் கிழிந்துவிடாதா? நடுவில் மழைக்கு லீவு விட்டால் எதை விடுவது? மீன் வாசனை கையில் இருந்து எப்படிப் போகும்? வேன் பிள்ளைகள் அம்மாக்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

முத்தியால்பேட்டை மிஸ் எழுதியது:

மழைக்கு எதையாவது விட வேண்டும் என்றால் காகிதக்கூழை விடுங்கள், எப்படியும் அந்த ஈரத்தில் காயாது. ஐந்து நாளுக்குத் திட்டம் போட்டாலும் இந்த மாதத்தில் மூன்று நாள்தான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மீன் பார்ப்பது, அச்சு, வலை தாத்தா, இந்த மூன்றும் நடந்தால் போதும். ‘ம’ நல்ல பேரம்.

போஸ்டர் கலர் கெட்டியாக, தண்ணீர் சேர்க்காமல். மீனை முதலில் பழைய துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் வழவழப்பில் கலர் ஒட்டாது. தலையில் இருந்து வால் பக்கமாகத் தடவச் சொல்லுங்கள், எதிர்ப்பக்கம் தடவினால் செதில் தூக்கிக்கொள்ளும். ஏ4 வேண்டாம், அது விறைப்பு, மீன் வளைவுக்குப் படியாது. பட்டம் விடுகிற மெல்லிய தாள், இல்லையென்றால் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்த துண்டு இன்னும் நல்லது. மேலே போட்டுப் பிள்ளை உள்ளங்கையால் மெதுவாக அழுத்த வேண்டும், தேய்க்கக்கூடாது, தேய்த்தால் இரண்டு மீனாகத் தெரியும். ஒரு மீன் பத்துப் பன்னிரண்டு அச்சு தாங்கும், அப்புறம் துவண்டுவிடும், அதனால் மூன்று மீனாக வாங்கிக்கொள்ளுங்கள், மார்க்கெட்டில் பள்ளிக்கூடத்துக்கு என்று சொன்னால் கொஞ்சம் அடிபட்டதைக் குறைத்துத் தருவார்கள்.

கைக்கு, புளியைக் கரைத்து ஒரு வாளியில் வையுங்கள், அதில் தேய்த்து அப்புறம் சோப்பு. எந்த அம்மாவும் கண்டுபிடிக்க மாட்டார்கள். போட்டோ எடுக்கும் வேலையை ஆயாம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், நீங்கள் போனைக் கையில் எடுத்தால் பிள்ளைகள் எல்லாம் மீனை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துப் பல்லைக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். முடிந்ததும் கலர் தடவிய மீனைப் பூனைக்கும் காக்காய்க்கும் போடாதீர்கள், வேப்பமரத்துக்குப் பக்கத்திலேயே ஆழமாகக் குழி தோண்டி மூடிவிடுங்கள், மரத்துக்கு உரமாச்சு.